வடிவத்துக்குப் பெயர் சூட்டும் முன்

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது நடந்தது இது. பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு உதவியாகப் போகிறேன். மற்ற நாள்களில் எனக்குப் பிறை (Perai) நகரில் வேலை. சிறு தொழிற்சாலைகளுக்கு டப்பா, மூடி, சமையலறைப் பாத்திரம் என்று வரைந்து கொடுப்பேன். அன்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை எளிமையானதுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்க ஒரு புதுப் பாத்திரம் வரைய வேண்டும். சட்டென்று விளங்கட்டுமே என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், அடியில் குழாய், மேலே மூடி.

ஒரு மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பீப்பாய்தான். ஒருவன் அதற்குச் சக்கரம் வைத்திருந்தான். ஒருத்தி குழாயை இரண்டாக்கியிருந்தாள். மயிலும் வேலும் வரைந்து அழகாக்கியவர்களும் உண்டு. பீப்பாய் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அடுத்த வாரம் ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு பையில் தேங்காய்ச் சிரட்டை, பழைய வளையல், மூங்கில் குச்சி, தீப்பெட்டி, கூம்பாகச் சுருட்டிய தாள், நூல் ஆகியவற்றைப் போட்டு எடுத்துப் போனேன். "இதில் ஏதாவது மூன்றை எடுத்துச் சேர்த்து வையுங்கள். அது என்னவென்று இப்போது சொல்ல வேண்டாம்" என்றேன். எல்லாரும் ஏதோ ஒன்றைச் சேர்த்து முடித்த பிறகுதான் மோர் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண் குச்சியின் இரு முனையிலும் நூலில் சிரட்டைகளைத் தொங்கவிட்டிருந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இதைத் தோளில் போட்டுக்கிட்டு நடக்கிறவங்க கூடவே போயிடலாம். அவங்க நம்மகிட்ட வந்து நிக்க வேணாம்."

முந்தைய வகுப்பில் ஒருவருக்கும் தோன்றாதது இதுதான். மோர் ஓர் இடத்தில் நிற்கும், மக்கள் அங்கே வருவார்கள் என்று அந்தப் பீப்பாய்ப் படம் சொல்லாமலே சொல்லிவிட்டது. படத்தில் குழாய் தெரிந்தது, மூடி தெரிந்தது. 'நிற்பது' என்பது மட்டும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

இரண்டு வகுப்புகளை வைத்து முடிவு கட்டக் கூடாது. பிள்ளைகள் வேறு, வயது வேறு, நாள் வேறு. ஆனால் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1991 இல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பொறியியல் மாணவர்களுக்கும் வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கும் சில வடிவமைப்புக் கணக்குகளைக் கொடுத்தார்கள். காரில் மிதிவண்டியை மாட்டும் சட்டம், பார்வையற்றோர் பயன்படுத்தும் அளவுக் குவளை, சிந்தாத காப்பிக் கோப்பை போன்றவை. ஒரு குழுவுக்குக் கேள்வி மட்டும். இன்னொரு குழுவுக்குக் கேள்வியோடு ஓர் எடுத்துக்காட்டுப் படமும் உண்டு. படம் பார்த்தவர்கள் அந்தப் படத்தின் கூறுகளைத் திரும்பத் திரும்பத் தங்கள் வரைபடத்தில் கொண்டுவந்தார்கள், அதன் குறைகள் உட்பட. காப்பிக் கோப்பைக்கு ஸ்ட்ராவும் வாய் வைக்கும் துண்டும் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தும், படத்தில் ஸ்ட்ரா இருந்ததால் அவர்கள் வரைந்ததிலும் ஸ்ட்ரா வந்தது. எழுதி வைத்த தடையைவிடக் கண்ணில் பட்ட கோட்டுக்கு வலு அதிகம்.

கவனக்குறைவோ சோம்பலோ இதற்குக் காரணமில்லை. முழுமையாக முடிந்த ஒரு பொருளைப் பார்க்கும்போது மனம் அதைத் துண்டு துண்டாக வாங்கிக்கொள்வதில்லை; பெயரோடும் பயனோடும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. கார்ல் டங்கர் என்ற உளவியலாளரின் மெழுகுவத்திச் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய ஆணிகள். மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைச் சுவரில் ஆணியால் அடித்து, அதன் மேல் வத்தியை நிறுத்தினால் சரி. பெட்டிக்குள் ஆணி இருக்கும்படி கொடுத்தால் பலருக்கு இது தோன்றுவதில்லை. பெட்டியைக் காலி செய்து பக்கத்தில் வைத்தால் தோன்றிவிடுகிறது. பெட்டி அதே பெட்டிதான், வைத்துக் காட்டிய விதம்தான் வேறு. ஆணி நிறைந்த பெட்டியின் பெயர் 'ஆணிப் பெட்டி'. காலிப் பெட்டிக்கு இன்னும் பெயர் வரவில்லை.

அப்படியானால் படமே காட்டக் கூடாதா? அப்படியும் இல்லை. எந்தப் படம், அதில் எவ்வளவு காட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வடிவமைப்பாளர்களில் சிலருக்கு முழுப் பொருளின் புகைப்படத்தையும், சிலருக்கு அதே பொருளின் ஒரு பகுதி மட்டும் தெரியும் புகைப்படத்தையும் கொடுத்தார்கள். பகுதியைப் பார்த்தவர்கள் படத்தோடு குறைவாகவே ஒட்டிக்கொண்டார்கள். வளைந்த ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தால் மீதியை நாமே கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுமானத்தில்தான் புதியது வரும்.

படத்தின் சக்தியைப் பற்றிப் பேசும்போது நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1915 இல் கொக்கக்கோலா நிறுவனம் பாட்டில் செய்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தது. இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் இது எங்கள் பாட்டில் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டெரி ஹோட் நகரில் இருந்த ரூட் கண்ணாடி நிறுவனத்தார் நூலகத்துக்குப் போனார்கள். பானத்தின் பெயரில் இருக்கும் கோக்கா, கோலா ஆகிய செடிகளின் வடிவத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். கலைக்களஞ்சியத்தில் அவர்கள் கண்ணில் பட்டது கொக்கோ காயின் படம். சாக்லேட் செய்கிற கொக்கோ! அந்தப் பானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் நடு பருத்து, நுனி ஒடுங்கி, மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும் ஒரு வடிவம் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஏர்ல் டீன் அதைப் பாட்டிலாக வரைந்தார். முதல் மாதிரியில் நடுப்பகுதி அடிப்பகுதியைவிட அகலம். தொழிற்சாலையில் ஓடும் பட்டையில் நிற்காமல் சாய்ந்துவிடும். பிறகு இடையை ஒடுக்கினார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த வளைவு அப்படி வந்தது.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியம். அவர்கள் பார்த்தது இன்னொரு பாட்டிலை அல்ல. வேறு பாட்டிலின் படத்தைப் பார்த்திருந்தால் இன்னொரு பாட்டில்தான் வந்திருக்கும். பார்த்தது ஒரு காய். அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது வடிவம் மட்டுமே, பயன் அல்ல. இரண்டாவது, பெயர் தவறாக இருந்தும் வடிவம் வேலை செய்தது.

சரி, பெயரைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகவே ஆராய்ந்தவர் உளவியலாளர் ரொனால்ட் ஃபிங்கே. 1990 இல் அவர் எழுதிய நூலில் உள்ள சோதனையைத்தான் என் பையில் இருந்த சிரட்டையும் குச்சியும் ஒட்டிச் செய்தன. அவர் கோளம், அரைக்கோளம், கனசதுரம், கூம்பு, உருளை, கம்பி, கொக்கி, வளையம், சக்கரம், கைப்பிடி என்று 15 அடிப்படைத் துண்டுகளை வைத்துக்கொண்டார். ஒருவருக்கு மூன்று துண்டுகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடத்துக்குள் மனத்தில் அவற்றைச் சேர்த்து ஏதாவது பயனுள்ள பொருளை உருவாக்க வேண்டும். என்ன வகைப் பொருள் என்பதையும் சொல்லிவிடுவார்கள்: அறைகலன், பொம்மை, கருவி, வாகனம் என்று எட்டு வகை. துண்டையோ வகையையோ தாங்களே தேர்ந்தெடுத்தவர்களைவிட, இரண்டுமே குலுக்கலில் வந்தவர்கள் அதிகப் புதுமையாகக் கண்டுபிடித்தார்கள். இன்னும் வியப்பானது அடுத்த கட்டம். முதலில் வடிவத்தை மட்டும் செய்யச் சொல்லி, அதன் பிறகு வகையைச் சொன்னபோது புதுமை மேலும் கூடியது. பயன் தெரியாமல் பிறந்த அந்த வடிவத்தில் மனம் ஒரு பயனைத் தேடிப் போகிறது. தேடும் பாதை வழக்கமான பாதையாக இருக்க வாய்ப்பில்லை.

நீங்களே கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்க்கலாம். ஆங்கில எழுத்து 'D'யை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். அதன் கீழ் 'J' எழுத்தை ஒட்டுங்கள். குடை வந்துவிட்டதா? இது ஃபிங்கேயும் அவர் கூட்டாளிகளும் 1989 இல் வெளியிட்ட சோதனையில் உள்ளது. என் வகுப்பில் நம் எழுத்தையே வைத்துச் செய்கிறோம். 'ப'வைத் தலைகீழாகத் திருப்புங்கள், மேசை. அதன் மேல் 'ட'வை வையுங்கள், நாற்காலி. இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் அரைமணி நேரம் எழுத்துகளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருடம் ஒலியாக மட்டும் தெரிந்த எழுத்து அன்றுதான் அவர்களுக்குக் கோடாகத் தெரிந்தது.

அந்தப் பெண் செய்த தோள்குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கில் வளர்கிறவர்களுக்கு அது புதிதல்ல, நாசி கண்டார் அதுதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளைத் தேடிப் போய் விற்றார்கள். 'கண்டார்' என்ற மலாய்ச் சொல்லே தோளில் காவிச் செல்வதைக் குறிக்கும். அதே வடிவத்துக்கு நம்மிடம் காவடி என்று பெயர். கையில் பிடித்துத் தூக்கினால் தராசு. ஒரு கம்பு, இரண்டு தொங்கல். அதற்குள் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது, நேர்த்திக்கடனும் இருக்கிறது, எடைக்கருவியும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நாசி கண்டார் படத்தை முதலிலேயே காட்டியிருந்தால் அவள் சோற்றுக்கூடையைத்தான் வரைந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, மனத்தில் பார்ப்பதா, தாளில் பார்ப்பதா என்ற கேள்வி. மனத்தில் எழும் படத்துக்கு ஒரு குறை உண்டு. வாத்தாகவும் முயலாகவும் தெரியும் அந்தப் புகழ்பெற்ற கோட்டோவியத்தை 1985 இல் சேம்பர்ஸ், ரைஸ்பெர்க் ஆகிய இருவரும் சிலருக்குக் கொஞ்ச நேரம் காட்டி எடுத்துவிட்டார்கள். வாத்தைப் பார்த்தவர்களிடம், மனத்தில் அதைப் பார்த்து வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு நினைவிலிருந்தே அதைத் தாளில் வரையச் சொன்னார்கள். தங்கள் கையால் வரைந்த அந்தப் படத்தில் அத்தனை பேருக்கும் முயல் தெரிந்துவிட்டது! மனத்துக்குள் இருக்கும் படம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தாளில் இறங்கியதும் அது வெறும் கோடாகி, வேறு பெயருக்கும் இடம் கொடுக்கிறது.

ஃபிங்கேயின் சோதனைகளில் மனத்துக்குள்ளேயே குடை தெரிந்ததே என்று கேட்கலாம். அங்கே கொடுத்தவை பெயர் இறுகாத எளிய துண்டுகள். வாத்து முழுதாக வாத்து. வேறுபாடு அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும் வரைந்து பார்ப்பது நல்லது. அனுபவமுள்ள கட்டடக் கலைஞர்களையும் மாணவர்களையும் ஒப்பிட்ட சுவா, ட்வெர்ஸ்கி ஆகியோரின் 1997 ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. தன் கிறுக்கலையே திரும்பப் பார்த்து, அங்கே ஆட்கள் எப்படி நடப்பார்கள், வெளிச்சம் எப்படி வரும் என்று எழுதாத விஷயங்களைப் படித்தெடுப்பதில் அனுபவசாலிகளுக்குத் தேர்ச்சி அதிகம். கிறுக்கல் தெளிவில்லாமல் இருப்பது குறையல்ல, அதனால்தான் அதைத் திரும்பப் படிக்க முடிகிறது.

கணினியில் வரைவதில் எனக்குள்ள தயக்கமும் இதுவே. தினமும் அதில்தான் வேலை செய்கிறேன், அது இல்லாமல் மோல்டு கடைக்காரரிடம் எதையும் கொடுக்க முடியாது. ஆனால் சீக்கிரமே அதில் உட்கார்ந்துவிட்டால், முதல் அரைமணி நேரத்திலேயே பொருள் பளபளப்பாக, முடிந்ததுபோல் திரையில் சுழல ஆரம்பித்துவிடும். அப்புறம் அதைக் கலைக்க மனம் வராது. 2009 இல் வெளியான ராபர்ட்சன், ராட்கிளிஃப் ஆய்வும் இதையே சொல்கிறது: மாதிரி நுணுக்கமாக வளர வளர, அதை மாற்றத் தயக்கம் வளர்கிறது. இப்போது படம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2024 இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், அத்தகைய கருவியைப் பயன்படுத்தியவர்கள் முதலில் பார்த்த எடுத்துக்காட்டோடு கூடுதலாகவே ஒட்டிக்கொண்டார்கள். சில நொடிகளில் வருவது கோடு அல்ல, நிழலும் பளபளப்பும் உள்ள முடிந்த பொருள்.

எந்தக் கோணத்தில் வரைகிறோம் என்பதும் சாதாரண விஷயமில்லை. ஒரு மாவு டப்பாவின் மூடி சரியாக இறுகவில்லை என்று பல வாரம் திணறியிருக்கிறேன். முப்பரிமாணப் படத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒருநாள் டப்பாவை நடுவில் அறுத்ததுபோல் வெட்டுத் தோற்றம் வரைந்தேன். மூடியின் உதடு டப்பாவின் சாய்ந்த சுவரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொடுவது அப்போதுதான் தெரிந்தது. வெளித்தோற்றம் வரைந்தால் 'அழகாக இருக்கிறதா' என்ற கேள்வி வரும். வெட்டுத் தோற்றம் வரைந்தால் 'எங்கே தொடுகிறது' என்ற கேள்வி வரும். மேலிருந்து வரைந்தால் 'எவ்வளவு இடம் இருக்கிறது' என்பது வரும்.

கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல சாட்சி. சீசர் பெல்லி வடிவமைத்த 88 மாடி, 452 மீட்டர் உயரக் கட்டடம். அதன் தரைப்படம் ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைச் சாய்த்து வைத்தால் வரும் எட்டு முனை நட்சத்திரம், இஸ்லாமியக் கலையில் அடிக்கடி வரும் வடிவம். ஆனால் நட்சத்திரத்தின் உள்மூலைகளில் இடம் வீணாகும். மேலிருந்து பார்க்கும் படத்தில் அது உடனே தெரியும். அந்த எட்டு உள்மூலைகளிலும் வளைவுகளைச் சேர்த்தார்கள், தளத்தின் பரப்பு கூடியது. இன்று தூரத்திலிருந்து பார்க்கும்போது கூர்மையும் வளைவும் மாறி மாறி ஏறிப்போகும் அந்த அழகு அங்கிருந்து வந்தது. அதே நகரில் தேசிய நூலகத்தின் கூரை மலாய்த் தலைப்பாகையான தெங்கோலோக்கின் சாயலில் இருக்கிறது. தேசிய நாடக அரங்கமான இஸ்தானா புடாயா, வாவ் பூலான் என்ற மலாய்ப் பட்டத்தின் சாயலில் எழுந்தது. அவையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே வடிவம் வரும்போதே பெயரோடு வருகிறது. தலைப்பாகையைத் தலைப்பாகையாகவே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. இரண்டு சதுரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம் வீட்டு வாசலிலேயே இதற்கு ஒரு பயிற்சி இருந்தது. சிக்குக் கோலம் போடுகிறவர் முதலில் படத்தை வரைவதில்லை, புள்ளியை வைக்கிறார். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அதே புள்ளிகளில் அம்மா ஒரு கோலம் போடுவார், பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று போடுவார். 1974 இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை வந்தது. சில துண்டுகள், அவற்றை அடுக்கும் சில விதிகள் போதும், கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்துகொண்டே இருக்கும். இப்போது தீபாவளிக்குப் பேரங்காடிகளில் போடும் வண்ணக் கோலங்கள் பெரும்பாலும் முன்பே வரைந்த படத்துக்கு நிறம் நிரப்புவதாக ஆகிவிட்டன. அவையும் கண்ணுக்கு இனியவைதான். ஆனால் புள்ளியிலிருந்து தொடங்கிய கை இப்போது படத்திலிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு வருத்தம்.

வடிவம் பொருளை உருவாக்குபவரை மட்டும் தொடுவதில்லை, வாங்குபவரையும் தொடுகிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூரிய மூலைகள் கொண்ட பொருள்களைவிட வளைந்த விளிம்புள்ளவற்றையே மக்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று மோஷே பார், மைட்டல் நேத்தா ஆகியோர் 2006 இல் காட்டினார்கள். தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டோடு சேர்ந்து 2001 இல் எழுதிய கட்டுரையில், கூர்கூராக ஒன்றும் உருண்டையாக ஒன்றும் வரைந்து, இவற்றில் எது 'கிகி', எது 'பூபா' என்று கேட்ட சோதனையைப் பற்றிச் சொல்கிறார். ஆங்கிலம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கூரியதைக் கிகி என்றார்கள். ஆக, பெயர் வைக்காத வடிவத்துக்கும் ஒரு குணம் உண்டு. மோர்ப் பாத்திரத்தைக் கூரிய மூலைகளோடு வரைந்தால் குளிர்ச்சி வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. வளையலையும் சிரட்டையையும்தான் முதலில் எடுத்தார்கள்.

பிறையில் எனக்கு வரும் வேலைகள் அனேகமாக ஒரு புகைப்படத்தோடுதான் வரும். "இதே மாதிரி வேணும்மா, ஆனா பார்த்தா வேற மாதிரி இருக்கணும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மனத்தில் இருப்பதைக் காட்ட அவர்களுக்கு வேறு வழி இல்லை. சில இடங்களில் ஒட்டிக்கொள்வதே சரியும்கூட. மூடியின் மரை ஏற்கெனவே கடைகளில் இருக்கும் பாட்டில்களுக்குப் பொருந்த வேண்டும், அங்கே புதுமை செய்தால் பொருள் வீண். மற்ற இடங்களில் நான் செய்வது இதுதான். படத்தை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் முதல் நாள் முழுதாகப் பார்ப்பதில்லை. தாளால் மறைத்துக் கைப்பிடி சேரும் இடத்தையோ விளிம்பையோ மட்டும் வைத்துக்கொண்டு பென்சிலால் சில தாள்கள் வரைகிறேன். அடுத்ததாக, பாத்திரம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கணினி அதற்கும் பிறகுதான்.

வரும் சனிக்கிழமைக்குப் பாலேக் பூலாவிலிருந்து ஜாதிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன். பழத்தை இரண்டாகப் பிளந்தால் உள்ளே கருத்த கொட்டை, அதைச் சுற்றி வலைபோல் சிவந்த ஜாதிபத்திரி. ஆளுக்குப் பாதி கொடுத்து, தெரியும் கோடுகளை மட்டும் வரையச் சொல்லப் போகிறேன். விளக்கா, பெட்டியா, கூடையா என்பதை மணி அடிக்கக் கால்மணி நேரம் இருக்கும்போது சொன்னால் போதும்.